கமிகட்சு: 45 பெட்டிகள் இருக்கும் மலையூருக்கு ஒரு கையேடு

ஜப்பானின் ஷிகோகு தீவில், தொகுஷிமா மாநிலத்தின் மலைகளுக்கு நடுவே இருக்கிறது கமிகட்சு. மக்கள்தொகை சுமார் 1,400. அதில் பாதிக்கும் மேல் 65 வயதைக் கடந்தவர்கள். ஷிகோகுவின் பேரூர்களில் இதைவிட ஆள் குறைந்தது கிடையாது. 1955இல் தகஹோகோ, ஃபுகுஹரா என்ற இரண்டு கிராமங்களை இணைத்து இந்த ஊரை உருவாக்கியபோது 6,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பங்கு காடு. கட்சுவுரா ஆற்றை ஒட்டியும் அதற்கு மேல் சரிவுகளிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன.

இந்த ஊரில் குப்பை வண்டி கிடையாது. ஊர்க்காரர்களே குப்பையைக் கழுவி, காயவைத்து, காரில் ஏற்றி வந்து 45 பிரிவுகளாகப் போடுகிறார்கள். ஊரின் கழிவில் சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. ஜப்பான் முழுமைக்கும் சராசரி 20 சதவீத அளவில்தான் நிற்கிறது. ஒரு பகலில் வந்து படமெடுத்துவிட்டுத் திரும்பினால் இதில் எதுவும் பிடிபடாது. ஓர் இரவாவது தங்குங்கள். உங்கள் குப்பையை உங்கள் கையாலேயே பிரித்துவிட்டுக் கிளம்புங்கள். அப்படித் தங்கப் போகிறவர்களுக்காகவே இந்தக் கையேடு.

எப்போது போவது, எப்படிப் போவது

படிக்கட்டு வயல்களில் நீர் நிரம்பி நிற்பதைப் பார்க்க மே மாதம் போக வேண்டும். யமாயினு மலையின் பாசிக் காடு ஜூன், ஜூலை மழையில்தான் முழுப் பச்சையாக இருக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை புளிக்கவைத்த தேயிலை செய்யும் காலம். மேப்பிள் சிவப்புக்கு நவம்பர். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் மழை வந்தால் மண் சரிந்து சாலைகள் அடைபடும். அந்த மாதங்களில் திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் மேல் குடியிருப்புகளில் பனி உறையும். சங்கிலியோ பனிக்கால டயரோ இல்லாமல் மேலே ஏற வேண்டாம்.

ஓசாகாவிலிருந்து தொகுஷிமா ரயில் நிலையத்துக்கு நெடுஞ்சாலைப் பேருந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து விமானத்தில் வந்தால் தொகுஷிமா அவா ஒதொரி விமான நிலையம் ஒன்றேகால் மணி நேரம். தொகுஷிமா நகரிலிருந்து கமிகட்சு சுமார் 40 கிலோமீட்டர். மாநிலச் சாலை 16ஐப் பிடித்தால் காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

பேருந்திலும் போகலாம். தொகுஷிமா பேருந்தில் யொகொசே நிஷி நிறுத்தம் வரை வந்து, அங்கே ஊர்ப் பேருந்துக்கு மாற வேண்டும். இணைப்புகள் மிகக் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். திரும்பும் பேருந்தின் நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் அட்டவணை வேறு.

வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் மஞ்சள் எண் பலகை போட்ட 660 சிசி சின்ன வண்டியே போதும், இந்தச் சாலைகளுக்கு அதுதான் தோதும்கூட. ஆற்றோரச் சாலையை விட்டுக் கிளை பிரிந்ததும் ஒரு வண்டி மட்டும் போகும் அகலம்தான். வளைவுகளில் நிற்கும் குவிகண்ணாடியைப் பார்த்து ஓட்டுங்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடத்துக்கு யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள்தான் பின்வாங்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்றால் 1949 ஜெனீவா ஒப்பந்த வடிவில் உள்ளது மட்டுமே ஜப்பானில் செல்லும். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

பையைக் கட்டும்போதே வேலை தொடங்குகிறது

ஊருக்குள் எதைக் கொண்டுபோகிறீர்களோ அதைத்தான் நாளை காலை பிரிக்கப் போகிறீர்கள். அதனால் புதுப் பொருள்களின் அட்டை, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் கிளம்பும் இடத்திலேயே கழற்றிவிடுங்கள். தின்பண்டங்களை மூடி போட்ட டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் பாட்டில், கைக்குட்டை, துணிப்பை, பல் துலக்கி, இரவு உடை, இவையெல்லாம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

ஊரின் கழிவு மையத்தோடு சேர்ந்தே ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. பெயர் ஹோட்டல் ஒய் (WHY, ‘ஏன்’). நான்கே அறைகள். மையம் 2020இல் திறக்கப்பட்டது. மேலிருந்து பார்த்தால் கட்டடம் கேள்விக்குறி வடிவில் தெரியும், அதன் புள்ளிதான் விடுதி. சுவர்களில் இருக்கும் சுமார் 700 ஜன்னல்களும் கதவுகளும் ஊர்க்காரர்கள் தங்கள் பழைய வீடுகளிலிருந்து கொடுத்தவை. ஒன்றின் அளவுக்கு இன்னொன்று ஒத்துவராது. அத்தனையையும் ஒரே சுவரில் இசைத்துப் பொருத்தியிருப்பதை நிதானமாக நின்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பல் துலக்கியோ இரவு உடையோ தர மாட்டார்கள். வரவேற்பில் ஒரு சோப்புக் கட்டியை வைத்து, உங்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை வெட்டித் தருவார்கள். ஓர் இரவுக்கு இரண்டு பேர் என்றால் கட்டைவிரல் அகலத் துண்டு தாராளம். காப்பியும் அப்படித்தான், எத்தனை கோப்பை என்று கேட்டு அளந்து தருவார்கள். அதிகமாக வாங்கி மீதம் வைக்காதீர்கள்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியச் சமையலில் சூப், குழம்பு, வேகவைத்த காய் என்று பெரும்பாலானவற்றில் உலர்மீன் சாறு கலந்திருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், மீன்சாறு, முட்டை எது ஆகும், எது ஆகாது என்று முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். சின்ன ஊர் என்பதால் கடைசி நேரத்தில் வேறு கடை தேட வழியில்லை.

குப்பை பிரிப்பு

விடுதி அறையில் 6 பிரிவுகளுக்குத் தனித்தனிப் பெட்டி இருக்கும். மறுநாள் காலை, அறையைக் காலி செய்யும்போது, ஊழியர் ஒருவரோடு மையத்துக்குப் போய் அந்த ஆறையும் 45 ஆகப் பிரிப்பீர்கள். ஊர்க்காரர்களுக்கு மையம் காலை 7:30 முதல் பிற்பகல் 2 மணி வரை திறந்திருக்கும். புத்தாண்டை ஒட்டிய சில நாள்களைத் தவிர விடுமுறை இல்லை.

முதலில் சமையல் கழிவு. இது மையத்துக்குப் போகவே கூடாது. ஊரில் ஒவ்வொரு வீடும் தோட்டத்து உரத்தொட்டியிலோ மின் உரக் கலனிலோ அதை மட்கவைத்துக்கொள்கிறது. இந்தக் கலன்கள் வாங்க ஊராட்சி தொண்ணூறுகளிலிருந்தே மானியம் தருகிறது. முழுத் திட்டத்துக்கும் அடிப்படை இதுதான். ஈரக் கழிவு வெளியேறிவிட்டால் மிச்சக் குப்பை நாறாது. நாறாத குப்பையை வாரக்கணக்கில் வீட்டில் வைத்திருந்து, சௌகரியப்பட்ட நாளில் கொண்டுவரலாம். ஈரத்தையும் காய்ந்ததையும் கலந்துவிட்டால் மற்ற எல்லாப் பிரிவும் கெடும். பழத்தோல், காப்பித் தூள், தேயிலைச் சக்கையை நன்றாகப் பிழிந்து, அதற்கென்று கொடுத்த பாத்திரத்தில் போடுங்கள். பெரிய எலும்பு, சிப்பி ஓடு, ஊற்றும் அளவுக்கு எண்ணெய், இவை மட்கும் கலனுக்கு ஆகாது. ஈரம் அதிகமாகப் போனால்தான் கலன் நாறும்.

அடுத்தது பிளாஸ்டிக் உறைகள். ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சுத்தமான உறை மறுசுழற்சிக்குப் போகும், அழுக்கானது எரிக்கப் போகும். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் நேரே குழாயடியில் பிடிக்காதீர்கள். முதலில் பழைய துணியால் துடைத்துவிட்டு, பிறகு பாத்திரம் கழுவி முடித்த நீரிலேயே அலசுங்கள். நத்தோ என்னும் புளித்த சோயா வந்த டப்பாவைக் கொஞ்ச நேரம் நீரில் ஊறவைத்தால் பசை தானாகக் கழன்றுவிடும். தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அலசியதும் வாய் திறந்திருக்கும்படி கவிழ்த்துக் காயவிடுங்கள். உதறினால் ஒரு சொட்டுகூட விழக் கூடாது, முகர்ந்தால் சாப்பாட்டு வாசனை வரக் கூடாது. ஈரத்தோடு பையில் அடைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். ஒரு டப்பாவின் பூஞ்சை அந்த மூட்டை முழுவதையும் கெடுத்துவிடும், அப்புறம் மற்றவர்கள் கழுவியதும் வீண்.

பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை மூன்றாகப் பிரியுங்கள். மூடி தனிப் பெட்டிக்கு, லேபிள் பிளாஸ்டிக் உறைகளோடு, பாட்டில் பெட் பிரிவுக்கு. மூடி வேறு வகைப் பிளாஸ்டிக் என்பதால்தான் அதற்குத் தனி இடம். பாட்டிலுக்குள் சிகரெட் துண்டையோ காகிதத்தையோ திணிக்காதீர்கள்.

காகிதத்துக்கு மட்டும் ஒன்பது பிரிவு: செய்தித்தாளும் துண்டு விளம்பரமும், அட்டைப்பெட்டி, இதழும் நகல் தாளும், உட்புறம் வெள்ளையான பால் அட்டை, உட்புறம் வெள்ளி பூசிய அட்டை, கெட்டிக் காகிதக் குழாய், காகிதக் கோப்பை, தாள் கிழிக்கும் பொறியில் வந்த துணுக்கு, மற்றவை. பால் அட்டையை அலசி, ஓரத்தில் வெட்டித் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். வெள்ளி பூசியது வெள்ளை அட்டையோடு கலந்தால் கூழாக்கும்போது அலுமினியப் படலம் பிரியாமல் சிக்கிக்கொள்ளும். அதனால் வெட்டிய பிறகு உட்புறம் பார்த்துப் போடுவது பழக்கமாக வேண்டும். செய்தித்தாளை பிளாஸ்டிக் கயிற்றால் கட்டாதீர்கள். காகிதக் கயிற்றால் கட்டினால் கட்டோடு அப்படியே கூழாகிவிடும், யாரும் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டாம்.

கேன்களுக்கு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். ஜப்பானில் காப்பி கேன்கள் பல இரும்பாக இருக்கும், பீர் கேன்கள் அலுமினியம். ஸ்பிரே கேனும் உலோக மூடியும் தனித்தனிப் பிரிவுகள்.

கண்ணாடிப் பாட்டிலை நிறம் பார்த்துப் போடுங்கள்: நிறமற்றது, பழுப்பு, மற்ற நிறங்கள். கழுவித் திரும்ப நிரப்பக்கூடிய சாக்கே, பீர் பாட்டில்களை இவற்றோடு உடைக்காமல் தனியே வையுங்கள். அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம், பீங்கான், குடிக்கும் கிளாஸ், இவற்றைப் பாட்டிலோடு சேர்க்கவே கூடாது. அவற்றின் உருகும் வெப்பம் வேறு. ஒரு பீங்கான் சில்லு உலைக்குள் போனால் உருகாமல் கட்டியாக நின்று, புதுப் பாட்டிலில் விரிசலுக்கு வழிவைக்கும்.

ட்யூப் லைட்டில் முழுசானதும் உடைந்ததும் வேறு வேறு பெட்டி. உள்ளே பாதரச ஆவி இருப்பதே காரணம். பேட்டரிகளின் முனையில் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள், குறிப்பாக லித்தியம் பேட்டரிக்கு. சிகரெட் லைட்டருக்குத் தனி இடம் உண்டு. வெப்பமானியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் ஊழியரிடம் கேட்டே போடுங்கள். உணவுக்குச்சிகளுக்கும் மூங்கில் குச்சிகளுக்கும்கூடப் பெட்டி இருக்கிறது. சமையல் எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பாட்டிலில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது இரண்டு பெட்டி. ஒன்று எரித்தே தீர வேண்டியது, மற்றொன்று புதைத்தே தீர வேண்டியது. டயப்பர், மாதவிடாய் நாப்கின், ரப்பர், பிவிசி, பல பொருள்களை ஒட்டித் தைத்த காலணி, இவையெல்லாம் அங்கேதான் போகும். ஊர் இன்னும் 100 சதவீதத்தைத் தொடாததற்கு இவையே காரணம். பிரித்தெடுக்க முடியாதபடி பொருளைச் செய்துவிட்டால் எத்தனை பெட்டி வைத்தும் பயனில்லை. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஊராட்சி துணி டயப்பர் கொடுத்துப் பழக்குகிறது.

ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு பலகை தொங்கும். அந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, ஒரு கிலோவுக்கு ஊருக்கு எத்தனை யென் வரவு அல்லது செலவு என்று அதில் எழுதியிருக்கும். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் வரவு எது, செலவு எது என்று ஊழியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அலுமினிய கேன் ஊருக்குப் பணம் கொண்டுவருகிறது, எரிக்கப் போகும் மூட்டைக்கு ஊர் பணம் கட்டுகிறது. பலகைகளை வரிசையாகப் படித்தால் கழுவிக் காயவைத்த ஒவ்வொரு டப்பாவும் ஊராட்சியின் கணக்கில் எந்தப் பக்கம் உட்காருகிறது என்று விளங்கும்.

பிரிவுகளின் எண்ணிக்கையும் எல்லையும் அவ்வப்போது மாறும். வாங்கும் ஆலை மாறினால் பெட்டியும் மாறும். எனவே சந்தேகம் வந்தால் இந்தக் கையேட்டைவிட அங்கே தொங்கும் பலகையையே நம்புங்கள். எது என்று தெரியாததை ஏதாவது ஒரு பெட்டியில் போட்டுவிட்டு நகராமல் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்பதை அங்கே யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.

விடுதியில் தங்காமல் பகலில் வந்து போகிறவர்கள் தங்கள் குப்பையைத் தங்களோடே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் குப்பை பிரிப்பதைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். ஒரு வீட்டின் குப்பை அந்த வீட்டின் அந்தரங்கம்.

ஏன் இந்த ஊர் இப்படி ஆனது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: இதே இடத்தில்தான் முன்பு ஊர்க் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தார்கள். 1998இல் இரண்டு சிறிய எரிகலன்களை வைத்தார்கள். குப்பை எரியும்போது வெளியாகும் டையாக்சின் என்ற நச்சைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2000இல் நடைமுறைக்கு வந்ததும் அவற்றை மூட வேண்டியதாயிற்று. புதிதாக ஒன்று கட்ட ஊரிடம் பணமில்லை. அதனால் எரிப்பதைக் குறைக்க முப்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளில் தொடங்கினார்கள். 2003இல் ஜப்பானிலேயே முதல் ஊராகக் கழிவற்ற ஊர் என்ற இலக்கை அறிவித்தார்கள்.

குருகுரு கடை

மையத்துக்குள்ளேயே இருக்கிறது இந்த இலவசக் கடை. தங்களுக்கு வேண்டாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள பொருள்களை ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வெளியூர்க்காரர்களுக்கும் காசு கிடையாது. பீங்கான் கிண்ணம், கிமோனோ, பொம்மை, சில சமயம் பெட்டி பிரிக்காத பரிசுப் பொருள்கள்கூட இருக்கும். எடுத்ததைத் தராசில் வைத்து, எடையை ஏட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். எவ்வளவு பொருள் குப்பைக்குப் போகாமல் தப்பியது என்ற கணக்கு அந்த ஏட்டிலிருந்துதான் வருகிறது, மறந்துவிடாதீர்கள். ஆனால் உங்களுக்கு வேண்டாததை அங்கே வைத்துவிட்டு வர முடியாது. கொண்டுவந்து வைக்கும் உரிமை ஊர்க்காரர்களுக்கு மட்டுமே.

இலையும் தேயிலையும்

சாலையோரம் சிவந்திருக்கும் மேப்பிள் இலையைப் பறிக்காதீர்கள். இந்த ஊரில் இலை ஒரு பயிர். 1981இன் கடுங்குளிரில் ஆரஞ்சுத் தோட்டங்கள் பட்டுப்போயின. வேளாண் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த யொகொயிஷி தொமொஜி, உணவகத் தட்டுகளை அலங்கரிக்கும் இலைகளை ஊரிலிருந்தே அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். 1986இல் நான்கு வீடுகளோடு தொடங்கிய இந்த இரோதொரி தொழிலில் 300க்கும் மேற்பட்ட வகை இலை, பூ, கிளைகள் விற்பனைக்குப் போகின்றன. ஆண்டு விற்பனை 26 கோடி யென் அளவுக்கு எட்டியது. இலைகள் எடை குறைந்தவை, எழுபது எண்பது வயதுப் பாட்டிமார்களாலும் பறித்து அடுக்க முடிகிறது. ஆர்டர் டேப்லட்டில் வரும், முதலில் ஏற்பவருக்கே வேலை. பிறகு பறித்து, கழுவி, ஒரே அளவாகப் பொறுக்கி, தட்டில் அடுக்கி, அன்றே கூட்டுறவில் ஒப்படைக்க வேண்டும். பூச்சி கடித்த ஓட்டையோ ஒரு கறுப்புப் புள்ளியோ இருந்தால் அந்த இலை கழிந்துவிடும். எனவே தோட்டங்களுக்குள் அழைப்பில்லாமல் நுழையாதீர்கள்.

கடைகளில் அவா பன்ச்சா என்ற தேயிலை கிடைக்கும், ஒரு பை வாங்குங்கள். கோடை வரை முற்றவிட்ட இலையை உருவி, வேகவைத்து, கசக்கி, பீப்பாயில் அழுத்திக் கல் ஏற்றி இரண்டு முதல் நான்கு வாரம் புளிக்கவிட்டு, வெயிலில் உலர்த்திச் செய்கிறார்கள். இந்தச் செய்முறையை ஜப்பான் அரசு 2021இல் முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இலை முழுதாக, பெரிதாக இருக்கும். ஒரு லிட்டர் கொதிக்கும் நீரில் ஒரு கைப்பிடி போட்டு, சில நிமிடம் சிறு தீயில் விட்டு இறக்கி வடிகட்டினால் போதும். இளம் புளிப்போடு, கசப்பில்லாமல் வரும். கொஞ்சம் கூடுதல் நேரம் கொதித்தாலும் கெட்டுப்போகாத தேநீர் இது. ஆறவைத்துக் குளிர்ச்சியாகக் குடிப்பது இன்னும் நன்றாக இருக்கும்.

இரண்டாம் நாள் பிற்பகல்

காலையில் பிரிப்பு முடிந்ததும் கஷிஹராவின் படிக்கட்டு வயல்களுக்குப் போகலாம். வரப்பில் ஏறாமல் சாலையிலிருந்தே பாருங்கள், கல் அடுக்கிக் கட்டிய கரைகள் மழையில் வழுக்கும்.

உடல் ஒத்துழைக்கும் என்றால் ஜிகென்ஜி கோயிலின் குகை வழிபாடு இந்த ஊரில் கிடைக்கும் அரிய அனுபவம். வெள்ளை அங்கி அணிந்து, கையில் மெழுகுவத்தியோடு, வழிகாட்டி சொல்லும் கோணத்தில் உடலைத் திருப்பித் திருப்பி ஒரு குறுகிய பாறைப் பிளவுக்குள் போய் வர வேண்டும். உள்ளே போகத் தகுதி உண்டா என்று பார்க்க வெளியே இரண்டு கல்தூண்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளியில் பக்கவாட்டாக நுழைந்து வெளிவர முடியாவிட்டால் அனுமதி இல்லை. முன்கூட்டியே கோயிலில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. நனைந்தால், சேறானால் பரவாயில்லை என்ற உடையைப் போடுங்கள். பாக்கெட்டில் எதுவும் வைக்க வேண்டாம், கைப்பேசிகூட வேண்டாம். நெருக்கமான இடம் என்றாலே பதற்றப்படுபவர்கள் தூணோடு நின்றுகொள்வது மேல். பாதி வழியில் ஒருவர் உறைந்து நின்றுவிட்டால் பின்னால் வரும் அத்தனை பேரும் பாறைக்குள் சிக்கிக்கொள்வார்கள்.

கோயிலுக்குப் போய் வருவதோடு பகல் போய்விடும். பேருந்தில் திரும்புகிறவர்கள் குகை, வயல் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பார்க்கக் கார் வேண்டும், இருட்டும் முன் மாநிலச் சாலை 16க்கு இறங்கிவிட வேண்டும்.